மானிட்டர் வாங்கும் முன் கணினியின் முதுகைப் பாருங்கள்: குறைந்த விலைத் திரைக்கும் சரியான கேபிளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு கேபிள் மூன்று ஆண்டுகள் சுருண்டு கிடந்தது. கணினியிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் கேபிள்: ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளே போர்ட். சென்னை ரிச்சி தெருவில் நானூறு ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் கேபிளில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு வாங்கியவனிடம்தான்.

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மானிட்டர் அப்போது எனக்கு மலிவாகக் கிடைத்தது. நல்ல ஐபிஎஸ் வகைத் திரை (வகைகளைப் பின்னால் பார்ப்போம்), உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி, ஒரு கீறல் இல்லை. பின்புறம் இருந்தவை விஜிஏ, டிஸ்ப்ளே போர்ட் ஆகிய இரண்டு மட்டும். என் மடிக்கணினியிலோ எச்டிஎம்ஐ மட்டும். கடையில் இரண்டு முனைகளின் பெயரையும் சொன்னேன், எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் செருகினால் இரு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தன. திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற பெட்டி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் கேபிளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் அதைத் தம் கணினியிலேயே மாட்டிப் படம் வரவழைத்துக் காட்டினார். அவருடைய கணினியில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ. என் வீட்டில் அதற்கு நேர்தலைகீழ். அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை அங்குலம், வளைவா தட்டையா, என்ன விலை என்று பார்த்துவிட்டுக் கடைசியில் கேபிளுக்கு வருகிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு எதிர்த்திசையில் போகும். சமீபத்தில் திருச்சியில் இருக்கும் அக்கா மகனுக்குத் திரை வாங்கிக் கொடுத்தபோதும் இந்த வரிசையில்தான் போனோம்.

முதல் படி: கணினியின் முதுகு

கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு கணினியின் பின்புறத்தைப் படம் எடுங்கள். மடிக்கணினியானால் இரண்டு பக்கவாட்டையும் எடுங்கள். கடைக்குப் போகும்போது அந்தப் படம் கையில் இருக்க வேண்டும்.

நீல நிறத்தில், மூன்று வரிசையாய்ப் பதினைந்து துளைகளோடு, இருபுறமும் திருகு வைத்திருப்பது விஜிஏ. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அனலாக் முறையில் இயங்குவது. வெள்ளை நிறத்தில் அகலமாகத் திருகுகளோடு இருப்பது டிவிஐ, 1999இல் வந்தது. எச்டிஎம்ஐ எல்லோருக்கும் தெரியும்: தொலைக்காட்சியில் இருக்கும் அதே போர்ட் (கேபிள் செருகும் துளை), கீழ்ப்பக்கம் இரண்டு மூலைகளும் சரிந்து குறுகியிருக்கும். ஏறக்குறைய அதே அளவில், ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டது போல் இருந்தால் அது டிஸ்ப்ளே போர்ட். இதன் கேபிள் தலையில் பெரும்பாலும் ஓர் அழுத்துப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்துப் போர்ட்டையே பெயர்த்தவர்கள் உண்டு.

நீள்வட்டமாய்ச் சிறியதாக இருக்கும் யுஎஸ்பி-சி போர்ட்டைக் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். வடிவம் ஒன்றானாலும் வேலை ஒன்றல்ல. சில மடிக்கணினிகளில் அது மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டுமே. படம் அனுப்ப ‘டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி அந்தப் போர்ட்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டைக் குறிக்கும் மின்னல் சின்னமோ பொறித்திருந்தால் நம்பலாம். ஒன்றும் இல்லையென்றால் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிப் பாருங்கள். விலை குறைந்த மடிக்கணினிகளில் இந்த வசதி இல்லாமல் இருப்பது சகஜம்.

மேசைக் கணினிக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட்டிருந்தால் பின்புறம் இரண்டு இடங்களில் படப் போர்ட்கள் தெரியும். மேலே, யுஎஸ்பி போர்ட்களோடு சேர்ந்திருப்பவை மதர்போர்டுக்குச் சொந்தம். கீழே, தனியான உலோகப் பட்டையில் இருப்பவை கார்டுக்குச் சொந்தம். கேபிள் கீழே போக வேண்டும். மேலே செருகினால் காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அல்லது படமே வராது: பெயரின் இறுதியில் ‘எஃப்’ வரும் இன்டெல் பிராசசர்களிலும், ஏஎம்டியின் ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. ‘புது மானிட்டர் வேலை செய்யவில்லை’ என்று என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே மேலே செருகியிருக்கிறீர்களா, கீழேயா என்பதுதான்.

அக்கா மகன் வாங்கியிருந்தது அலுவலகங்களில் ஓடி முடிந்து, துடைத்துச் சீராக்கி விற்கப்படும் பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, 2012ஆம் ஆண்டு மாடல். குறைந்த செலவில் படிப்புக்கு உதவும் கணினி வேண்டுமென்றால் இப்படிப்பட்டவைதான் இப்போது பலருக்கும் கைகொடுக்கின்றன. அதன் முதுகில் இரண்டு டிஸ்ப்ளே போர்ட், ஒரு விஜிஏ. எச்டிஎம்ஐ இல்லவே இல்லை. அதே காலத்து எச்பி எலைட்டெஸ்க் 800 முதல் தலைமுறையிலும் இதே கதைதான். மலிவு விலை மானிட்டர்களில் பாதிக்கு மேல் எச்டிஎம்ஐயும் விஜிஏயும் மட்டுமே கொண்டு வருகின்றன என்பது என் அனுபவம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது விஜிஏ. கடையில் அதை மாட்டித்தான் அனுப்பிவைப்பார்கள், படமும் வரும். வாங்கியவருக்குத் தாம் எதை இழந்தோம் என்றே தெரியாது.

விஜிஏயில் அப்படி என்ன இழப்பு? கணினி எண்களாய் வைத்திருக்கும் படத்தை மின்னழுத்த அலையாய் மாற்றி அனுப்பி, திரை அதை மறுபடி எண்ணாய் ஊகிக்கிறது. ஊகம் சற்றுப் பிசகினால் எழுத்தின் ஓரத்தில் நிழல் படிகிறது. கேபிள் நீளமாக இருந்தாலோ பக்கத்தில் மின்கம்பி ஓடினாலோ பிசகு கூடும். ஒலியும் இதில் போகாது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் விஜிஏ.

இரண்டாம் படி: அந்தப் போர்ட் எவ்வளவு தாங்கும்?

இங்கே ஒரு பெருக்கல் கணக்குப் போட்டால் போதும், விற்பனையாளர் சொல்லும் பாதிச் சொற்கள் தானாக விளங்கிவிடும்.

முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் சொல்ல 24 பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்தான் ஒரு பிட்). நொடிக்கு 60 முறை படத்தைப் புதிதாய் வரைய வேண்டும், இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறோம். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 299 கோடி பிட், அதாவது 3 ஜிகாபிட். வரிகளுக்கு இடையே விடும் இடைவெளிக்காக இதற்குமேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் 5 ஜிகாபிட்.

போர்ட்டை ஒரு குழாய் என்று வைத்துக்கொண்டு, நொடிக்கு எவ்வளவு கொண்டுபோகும் என்று அதன் அகலத்தைப் பார்ப்போம். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 படத்துக்கென்று 8.16 ஜிகாபிட் கொண்டுபோகும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 அதை 14.4 ஆக்கியது. 2010இன் டிஸ்ப்ளே போர்ட் 1.2இலேயே 17.28 உண்டு. 2016இன் 1.4 பதிப்பில் 25.92.

கணக்கைப் பொருத்திப் பாருங்கள். முழு எச்டி 100 ஹெர்ட்ஸுக்குப் பழைய எச்டிஎம்ஐ 1.4 தாராளம், 120 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். 2560 × 1440 திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட 5.3 ஜிகாபிட், அதற்கும் சரி. அதே திரையை 100 ஹெர்ட்ஸில் ஓட்ட 8.85 வேண்டும், குழாய் போதாது. 4கே திரைக்கு (3840 × 2160) 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12 ஜிகாபிட் வேண்டும், ஆகவே எச்டிஎம்ஐ 1.4 அதை 30 ஹெர்ட்ஸில்தான் காட்டும். 30 ஹெர்ட்ஸில் சுட்டியை நகர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அம்பு ஊர்வதில்லை, தாவித் தாவிப் போகும்.

இன்டெல் கோர் பத்தாம் தலைமுறை வரையிலான மேசைக் கணினிகளில், தனிக் கார்டு இல்லையென்றால், பெரும்பாலான மதர்போர்டுகளின் எச்டிஎம்ஐ 1.4தான். ஆனால் அதே பெட்டியின் டிஸ்ப்ளே போர்ட் 4கேயை 60 ஹெர்ட்ஸில் தரக்கூடும். ஒரே கணினி, இரண்டு போர்ட்கள், இரண்டு மாதிரியான திறன். இரண்டும் இருந்தால் டிஸ்ப்ளே போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அட்டைப்பெட்டியில் ‘எச்டிஎம்ஐ 2.1’ என்று போட்டிருந்தால் பதிப்பு எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தரநிலையின் புது வசதிகள் பலவும் கட்டாயமல்ல, விருப்பத்துக்குரியவை. பழைய 2.0 அளவுக்கே திறன் கொண்ட போர்ட்டுக்கும் அந்தப் பெயரைச் சூட்ட முடியும். ‘எந்தத் தெளிவுத்திறனில் எத்தனை ஹெர்ட்ஸ், எந்தப் போர்ட்டில்’ என்ற வரி பயனர் கையேட்டில் இருக்கும். அதுவே பேசட்டும்.

மூன்றாம் படி: எத்தனை அங்குலம்?

அக்கா மகனோடு வந்த ஒரே வாக்குவாதம் இதில்தான். “மாமா, 27 அங்குலம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தானே கூடுதல்?” என்று கேட்டான். இரண்டுமே முழு எச்டி. அதாவது புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், அவற்றைப் பெரிய பரப்பில் விரித்துப் போட்டிருக்கிறார்கள். 23.8 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் சொச்சம். 27 அங்குலத்தில் 82க்குச் சற்றுக் குறைவு.

பத்துப் புள்ளி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா? ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்குச் சுமாராய்த் தெரியும். தமிழ் படிப்பவருக்கு நன்றாகவே தெரியும். கடையில் இரண்டு திரைகளிலும் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்து, சிறிய எழுத்தில் இருக்கும் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளியைக் கவனியுங்கள். திரையில் அது ஓரிரு திரைப்புள்ளிகள்தான் (பிக்ஸல்). 27 அங்குல முழு எச்டியில் அந்தப் புள்ளி மங்கிய சதுரமாய் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசம் கலங்குகிறது. ‘ஞ’வின் வயிறு அடைபட்டுப்போகிறது. 24இல் இவை பிரிந்து நின்றன. அவன் வாக்குவாதத்தை விட்டுவிட்டான்.

ஆகவே முழு எச்டி என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 27தான் வேண்டுமென்றால் 2560 × 1440 வாங்குங்கள், அங்குலத்துக்கு 109 புள்ளிகள் கிடைக்கும். கூடுதல் பணம் கண்ணில் தெரியும். தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க மட்டும்தான் திரை என்றால் 27 அங்குல முழு எச்டியும் குற்றமில்லை.

மானிட்டருக்குப் பதில் 32 அங்குலத் தொலைக்காட்சியே போதுமே என்ற யோசனை வராத வீடு இல்லை. அந்த அளவில் மலிவாய் விற்கப்படுபவற்றில் ‘எச்டி ரெடி’ என்று எழுதியவை பல. அவற்றின் தெளிவுத்திறன் 1366 × 768, அங்குலத்துக்கு 49 புள்ளிகள். எழுத்து வேலைக்கு உதவாது.

மேசையின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஒரு கை நீளமாவது இருக்க வேண்டும். 24 அங்குலத் திரையின் அகலம் 53 சென்டிமீட்டரை ஒட்டியது, 27இன் அகலம் 60ஐ ஒட்டியது.

நான்காம் படி: திரையின் வகை

மலிவு விலையில் மூன்று வகை உண்டு: டிஎன், விஏ, ஐபிஎஸ். டிஎன் வகையில் சற்றுக் கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்த்தால் நிறம் மாறிவிடும். மிகவும் மலிவான பழைய மாடல்களில்தான் இப்போது கிடைக்கிறது, வேண்டாம். விஏயின் பலம் கறுப்பு. இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு, வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே அதன் 3000:1 அளவிலான ஒளி வேறுபாடு விருந்து. ஐபிஎஸ்ஸில் அது வழக்கமாக 1000:1. ஆனால் மலிவான விஏயில் கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் நகரும்போது பின்னால் ஒரு கறை இழுபடும். நிரல் எழுதுகிறவர்களும் இருண்ட காட்சிகள் கொண்ட விளையாட்டு விளையாடுகிறவர்களும் அதைக் கண்டு எரிச்சலடைவார்கள். படிப்பு, அலுவலக வேலை, வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஐபிஎஸ் போதும். பெரிய யோசனை தேவையில்லை.

இதை எழுதும் காலத்தில் 24 அங்குல, முழு எச்டி, ஐபிஎஸ், 100 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் பெரும்பாலும் ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. எனவே 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மாடலைப் புதிதாய் வாங்க நல்ல தள்ளுபடியைத் தவிர வேறு காரணம் இல்லை. பக்கத்தை உருட்டிப் படிக்கும்போது 60க்கும் 100க்கும் உள்ள வேறுபாடு விளையாட்டு விளையாடாதவருக்கும் புரியும்.

ஐந்தாம் படி: அட்டைப்பெட்டியில் படிக்க வேண்டாதவை

‘கோடிக்கு ஒன்று’ என்கிற மாதிரி அச்சிட்ட டைனமிக் கான்ட்ராஸ்ட். பின்விளக்கை அணைத்தும் ஏற்றியும் பெற்ற எண் அது, வீட்டில் அதனால் ஒரு பயனும் இல்லை.

‘1 மில்லி நொடி’. பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். எம்பிஆர்டி என்றால் பின்விளக்கைச் சிமிட்டவைத்து அளந்தது. அந்த வசதியைப் போட்டால் திரை மங்கும், பலருக்குக் கண் உறுத்தும். சாதாரண வேகத்தைச் சொல்வது ஜிடிஜி.

‘எச்டிஆர் ஆதரவு’. மிகப் பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருளையும் ஒரே படத்தில் காட்டுவது எச்டிஆர். 250 நிட் (வெளிச்சத்தின் அலகு) ஒளி கொண்ட திரை அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், காட்ட மாட்டாது. திரைகளுக்குத் தரநிலை வகுக்கும் வேசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் சான்றிதழ்களில் மிகக் கீழ்ப்படியே 400தான்.

படிக்க வேண்டிய ஒரே நிற வரி: ‘எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம்’ அல்லது ‘என்டிஎஸ்சி 72 சதவீதம்’. எத்தனை நிறங்களைத் திரை காட்டும் என்பதற்கான அளவுகோல்கள் இவை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்கின்றன. ‘என்டிஎஸ்சி 45 சதவீதம்’ என்றிருந்தால் தக்காளி செங்கல்லாய்த் தெரியும். மடிக்கணினிகளில் இந்த வரி அதிகம்.

பெட்டியில் இல்லாமல் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. உங்கள் ஊரில் சேவை மையம் இருக்கிறதா, அல்லது அவர்களே வீட்டுக்கு வருவார்களா? பின்னால் 100 × 100 அல்லது 75 × 75 மில்லிமீட்டரில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா? மலிவுத் தாங்கிகள் முன்னும் பின்னும் சாய்வதோடு சரி, உயரம் மாறாது. துளை இருந்தால் பின்னாளில் கைத்தாங்கி மாட்டலாம். அதுவரை இரண்டு தடித்த பழைய புத்தகங்கள் போதும், என் வீட்டில் ஓர் அகராதி பத்தாண்டுகளாய் அந்தப் பணியில் இருக்கிறது. மூன்றாவது, ஸ்பீக்கர் உண்டா, இல்லையென்றால் ஒலி வெளியே எடுக்கும் துளையாவது உண்டா?

ஆறாம் படி: கேபிளும் திசையும்

ஒரே வகைப் போர்ட் இரு பக்கமும் இருந்தால் அதே வகைக் கேபிள். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அப்படி அமையாவிட்டால் ‘எதிலிருந்து எதற்கு’ என்ற கேள்வியைக் கணினியிலிருந்து தொடங்கிக் கேளுங்கள். ‘எச்டிஎம்ஐ – டிஸ்ப்ளே போர்ட் கேபிள்’ என்று மொட்டையாய்க் கேட்டால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும்.

கணினியில் டிஸ்ப்ளே போர்ட், திரையில் எச்டிஎம்ஐ: எளிது. கணினிகளின் டிஸ்ப்ளே போர்ட்கள் பெரும்பாலும் இரட்டை வேடம் போடும். மறுமுனையில் எச்டிஎம்ஐ இருப்பதை உணர்ந்து அந்த மொழியிலேயே பேசத் தொடங்கிவிடும். கேபிளில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நானூறு ரூபாய்க் கேபிள் போதும்.

கணினியில் எச்டிஎம்ஐ, திரையில் டிஸ்ப்ளே போர்ட்: எச்டிஎம்ஐக்கு வேறு வேடம் தெரியாது. நடுவே மொழிபெயர்க்கும் சில்லு ஒன்று வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும். ஆகவே சரியான மாற்றியில் பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி வால் தொங்கும், விலையும் பல மடங்கு. பழைய அலுவலக மானிட்டர்களை மலிவாய் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் லாபத்தை விடுகிறார்கள்.

கணினியில் எச்டிஎம்ஐ, திரையில் விஜிஏ: விரல் நீள மாற்றி எங்கும் கிடைக்கும், முழு எச்டி 60 ஹெர்ட்ஸ் வரை ஓட்டும். கணினியில் விஜிஏ, திரையில் எச்டிஎம்ஐ: இதற்கு வேறு மாற்றி. முன்னதைத் திருப்பிச் செருகி ஒப்பேற்ற முடியாது. டிவிஐக்கும் எச்டிஎம்ஐக்கும் இடையே மட்டும் எந்தத் திசையிலும் சாதாரணக் கேபிள் போதும். படத்துக்கு இரண்டும் பேசும் மொழி ஒன்றே. ஒலியை மட்டும் நம்ப வேண்டாம்.

அக்கா மகனின் பெட்டியில் டிஸ்ப்ளே போர்ட், அவன் வாங்கிய திரையில் எச்டிஎம்ஐ. என் இழுப்பறைக் கேபிளுக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வேலை கிடைத்தது. முழு எச்டி, 60 ஹெர்ட்ஸ். அந்தப் பழைய கணினிக்கு அதற்குமேல் ஆசைப்படவில்லை. கூடுதல் ஹெர்ட்ஸ் அவன் அடுத்த கணினிக்குப் பயன்படும்.

கேபிளின் தங்கமுலாம், நைலான் பின்னல் எதுவும் படத்தைக் கூர்மையாக்காது. டிஜிட்டல் சமிக்ஞை வந்து சேரும், அல்லது புள்ளி புள்ளியாய் மின்னிப் படம் விட்டுவிட்டுப் போகும். நடுவில் ‘சற்று அழகாய்’ என்ற நிலை இல்லை. முழு எச்டிக்கு ‘ஹை ஸ்பீட்’ என்று எழுதிய எச்டிஎம்ஐ கேபிள் போதும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ வாங்குங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் தேவையில்லாமல் நீட்ட வேண்டாம். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் மட்டும் ஒரு விஷயம்: மிக மலிவான சிலவற்றில் இருபதாவது ஊசியை இரு முனைக்கும் இணைத்துவிடுகிறார்கள். தரநிலைப்படி அது கூடாது. திரையிலிருந்து கணினிக்குள் மின்சாரம் புகுந்து, கணினி விசித்திரமாய்த் தொடங்க மறுக்கும். புது கேபிள் மாட்டிய நாளிலிருந்து கணினி முரண்டு பிடித்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

ஏழாம் படி: மாட்டிய பிறகு

பெட்டியைப் பிரிப்பதைக் கைபேசியில் காணொளியாய் எடுத்துவையுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் கட்டாயம்.

படம் வந்ததும் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் திரையானாலும் பல நேரம் அங்கே 60தான் தேர்வாகி இருக்கும். மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். பட்டியலில் 100 இல்லையென்றால் போர்ட்டையோ கேபிளையோ மாற்றிப் பாருங்கள்.

எச்டிஎம்ஐயில் கறுப்பு சாம்பலாய் வெளிறித் தெரிந்தால் திரை பழுது என்று நினைக்காதீர்கள். கணினி அதைத் தொலைக்காட்சி என்று எண்ணி, நிறங்களை 0 முதல் 255 வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரைக்குள் அடக்கி அனுப்புகிறது. கிராபிக்ஸ் மென்பொருளில் ‘டைனமிக் ரேஞ்ச்’ என்பதை ‘ஃபுல்’ ஆக்குங்கள். சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிந்தது போல் இருந்தால் நிற வடிவத்தை ‘ஆர்ஜிபி’ ஆக்குங்கள். படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தால் மானிட்டரின் பட்டியலில் ‘ஓவர்ஸ்கேன்’ அணையுங்கள். விஜிஏயில் படம் ஒரு பக்கமாய் நகர்ந்திருந்தால் ‘ஆட்டோ’ பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும்.

திரையை இணைத்ததும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதா? ஒலியைக் கணினி மானிட்டருக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். கீழ் மூலையில் ஒலிச் சின்னத்தைத் தொட்டுப் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையின் குழல்விளக்குக் கூட்டத்தில் பளிச்சென்று தெரியக் கூட்டிவைத்த அளவு வீட்டு அறைக்கு மிகை. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே வெண்மையாய்த் தெரியும் வரை இறக்குங்கள்.

இறுதியாகச் செத்த புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என ஐந்து ஒரே நிறப் படங்களைத் திரை முழுக்க ஒவ்வொன்றாய் விரித்து, மூலை மூலையாய்த் தேடுங்கள். எல்லா நிறத்திலும் கறுப்பாய் நிற்பது செத்தது. ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருப்பது சிக்கிக்கொண்டது, அது சில நாளில் தானாய்ச் சரியாவதும் உண்டு. ஒரே ஒரு புள்ளிக்காக உத்தரவாதத்தில் மாற்றித்தரும் நிறுவனங்கள் குறைவு. ஆனால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் கண்டுபிடித்தால் காரணம் காட்டித் திருப்பிவிடலாம். இரவில் விளக்கை அணைத்துக் கறுப்புப் படத்தையும் பாருங்கள். மூலையில் தெரியும் வெளிச்சம் உங்கள் தலை அசைவுக்கேற்ப மாறினால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு. எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால் பின்விளக்குக் கசிவு. அந்தக் காலக்கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியும் உள்ளிருந்த தெர்மோகோலும் பரணில் இருக்கட்டும்.